மொட்டைமாடிச் சாவி

வெள்ளவத்தை. ஞாயிறு, இரவு.

ஓய்வுபெற்ற பிறகு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தினம் ஓர் ஆங்கிலச் சொல்லும் உதாரணமும் எழுதி வருகிறேன். ஒப்ஸ்டினேட் என்றால் பிடிவாதம்; உதாரணம், எங்கள் தொடர்மாடி லிஃப்ட்.

இன்று அந்தத் தாள்கள் கைகொடுத்தன. தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழுக் கூட்டத்தில் தலைவர் நடராஜா போன கூட்டத்து அறிக்கையை ஆங்கிலத்தில் வாசித்தார். மொட்டைமாடியை இனிப் பூட்டிவைப்பதென்று குழு 'யுனானிமஸ்' ஆக முடிவெடுத்ததாம். பூட்டினால் மூன்றாம் மாடி பாத்திமாவுக்கும் எனக்கும் உடுப்புக் காயப்போட இடமில்லை. முன்பென்றால் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அது செவ்வாய்க்கிழமைத் தாளில் நான் எழுதிய சொல்.

எழுந்தேன். "யுனானிமஸ் எண்டால் ஒருத்தர் விடாமல் எல்லாரும் சம்மதிக்கிறது. நானும் குழுவில இருக்கிறன். நான் எப்ப சம்மதிச்சனான்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது வழமையா எழுதுற சொல், டீச்சர்."

"அப்ப இப்பவே கை உயர்த்திப் பாப்பம்."

மற்றவர்களையும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை போலும். மாடியைத் திறந்தே வைக்க ஆறு கைகள் உடனே உயர்ந்தன. கடைசியில் தலைவருடையதும் மெல்ல மெல்ல மேலே வந்தது. சாவி என்னிடம் வந்தது. பாத்திமா என் காதில், "நாளைக்கு வீட்டுல உள்ள பெட்ஷீட் எல்லாத்தையும் கழுவப் போறேன், டீச்சர்" என்றாள்.

செவ்வாய்த் தாளில் உதாரணம் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது அங்கே ஏழு கைகள் என்று எழுதினேன். நாளைய சொல் ரிலக்டன்ட், மனமில்லாமல் செய்வது. அதற்கும் உதாரணம் கிடைத்துவிட்டது: ஏழாவது கை.