என் பெயரில் எழுதப்பட்ட நோய்

மார்ச் 4

மேனேஜர் இன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அவர் கதவைச் சாத்தினால் நல்லதற்கில்லை.

எங்கள் பெயிண்ட் கம்பெனி லேப்பில் தின்னர் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு சரியாக இழுப்பதில்லை என்று மறுபடியும் சொல்லியிருந்தேன். மெல்லிய காகிதத் துண்டை அதன் வாயில் பிடித்தும் காட்டினேன். உள்ளே இழுபட வேண்டிய காகிதம் அசையாமல் தொங்கியது. அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் லேப்ல தீப்பிடிச்சதுலேருந்து நீங்க நீங்களா இல்ல மேடம். சாயங்காலம் எல்லாரும் போனப்புறமும் நின்னு செக் பண்றீங்களாம். இது பி.டி.எஸ்.டி. பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனவியாதி. நெட்ல போட்டிருக்கு."

"அப்ப கூண்டு மோட்டாருக்கு என்ன வியாதி சார்?"

சிரிக்கவில்லை.

மார்ச் 5

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கணவர் ஓடிவந்து என் தோளைத் தொட்டு, "பயப்படாத" என்றார். இவருக்கு யார் சொன்னது?

மார்ச் 9

கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்கு முன்பே என் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"தீ ஞாபகம் வருதாம்மா?"

"நீங்க கேட்டதும் வந்துச்சு."

எழுதிக்கொண்டார்.

"கோபம் வருதா?"

"இப்ப வருது."

அதையும் எழுதிக்கொண்டார். தூக்கம் வருகிறதா என்று கேட்கவில்லை. நன்றாகவே வருகிறது. மேசைமேல் இருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நோய்: பி.டி.எஸ்.டி. இரண்டு வாரம் கட்டாய விடுப்பு.

முன்பெல்லாம் நான் எதிர்த்துப் பேசினால் திமிர் என்பார்கள். இப்போது நோய் என்கிறார்கள். ஒருவகையில் பதவி உயர்வுதான்.

மார்ச் 12

நாத்தனார் போன் செய்தாள். "எனக்கும் அதேதான் அண்ணி. மாமியார் வீட்டுல இருந்த மூணு வருஷத்த நெனச்சாலே பி.டி.எஸ்.டி. வந்துடும்." இவளுக்கு அது ஜலதோஷம் மாதிரி வந்து போகிறது. கணவரோ வாக்குவாதத்தில் தோற்கும்போதெல்லாம், "சரி, நீ ரெஸ்ட் எடு" என்கிறார்.

ஒன்று உறுத்துகிறது. சாயங்காலம் நான் நின்று சோதித்தது மேனேஜருக்கு எப்படித் தெரியும்? அப்போது கூட இருந்தவள் என் உதவியாளர் மட்டும்தான். நாள் முழுக்க வாய் ஓயாத பெண். தீப்பிடித்த அன்றும் என்னோடு லேப்பில் இருந்தவள். இப்போது என் வேலை அவள் கையில்.

என் நாற்காலிமேல் கண்ணா?

மார்ச் 18

நானாகத் தேடிப்போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பெண்மணி, என் வயதிருக்கும். கனவு, தூக்கம், படபடப்பு என்று நிதானமாகக் கேட்டார். தீப்பிடித்த அந்த அறைக்குள் போக வேண்டும் என்று நினைத்தால் என்ன ஆகிறது என்றார்.

"போகணும்னு அவசரமா இருக்கு. ரிப்பேர் பண்ணணுமே."

சிரித்துவிட்டார். "உங்களுக்கு அந்த நோய் இல்ல. அதுக்காக அப்படி ஒரு நோயே இல்லன்னு நெனச்சுடாதீங்க. அன்னைக்கு உங்ககூட யாராவது இருந்தாங்களா?"

"என் உதவியாளர். அவளுக்கு ஒன்னுமில்ல. நாள் பூரா சிரிச்சுட்டு இருப்பா."

"தீ எங்க இருந்துச்சு? அவங்க எங்க நின்னாங்க?"

பேருந்தில் வரும்போது யோசித்தேன். நான் கதவருகே. அவள் உள்பக்கம். தீ நடுவில்.

அதனால் என்ன? சின்னத் தீதானே. நான்தானே அணைத்தேன்.

மார்ச் 25

வேலைக்குத் திரும்பினேன். மேனேஜர் டாக்டரம்மாவின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எனக்கு இல்லன்னு மறுக்குறதும் அதோட அடையாளம்தானாம் மேடம்."

எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

லேப்பில், கூண்டுக்குள் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுகூட நடக்கவில்லை. சாம்பிள் டப்பாக்கள் மூடி திறக்காமல் அடுக்கிக் கிடக்கின்றன. கேட்டால், "நீங்க இல்லாம டப்பாவுக்கே மூட் இல்ல மேடம்" என்கிறாள் உதவியாளர். என்னை மாட்டிவிடத்தானே இவ்வளவும்? நாளை இவள்மேல் புகார் எழுதப்போகிறேன்.

மார்ச் 26

எழுதவில்லை.

மதியம் டீ போடும் அறையில் அவள் ஏதோ கதை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள். குப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கதை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் கண்டுபிடித்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் சாவி இல்லை.

"எப்படி வந்தேன்னு தெரியல மேடம். கதவு எங்க? கதவு எங்கன்னே தெரியல."

வெட்டவெளியில் நின்றுகொண்டு கதவைத் தேடுகிறாள்.

கண்ணை மூடினால் அந்த அறைதானாம். தினமும். மேனேஜரிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். ஆனால் சொன்னது வேறு — "மேடம் இருட்டுற வரைக்கும் நின்னு செக் பண்றாங்க, அத ரிப்பேர் பண்ணிக் குடுங்க சார்னு கெஞ்சினேன்." அந்தக் கெஞ்சலை வைத்துத்தான் அவர் எனக்கு ஒரு நோய் செய்திருக்கிறார்.

"ஏன்டி யார்கிட்டயும் சொல்லல? ஒரு டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"உங்களுக்கு அந்தப் பேர வெச்சு என்ன பண்ணாங்கன்னு பாத்தேன்ல? உங்களுக்கே இந்தக் கதின்னா நான் எம்மாத்திரம் மேடம்? சீட்டக் கிழிச்சிருவாங்க."

அவள் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

நான் பார்த்தது சின்னத் தீ. கதவருகே நின்று பார்த்த தீ.

மார்ச் 30

இருக்கும் சரக்கை அனுப்ப, தரம் சரி என்று என் கையெழுத்து வேண்டும். லாரி வாசலில் நின்றது. மேனேஜர் தாளை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"மனநோயாளி போட்ட கையெழுத்து செல்லாது சார். நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் மாட்டுவீங்க."

"அதான் உங்களுக்கு ஒன்னுமில்லன்னு அந்த டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்களே!"

"அப்ப கூண்டு இழுக்கலன்னு நான் சொல்றதும் சரியாத்தானே இருக்கும்?"

லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது இனிமையாக இருந்தது.

ஏப்ரல் 4

மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். என் கோப்பிலிருந்து அந்த நோயின் பெயரை மட்டும் நீக்கவில்லை.

உதவியாளரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "சூப்பர் மேடம்" என்றாள். ஆனால் கதவருகிலிருந்து கூண்டுப் பக்கம் நகரவில்லை. புது மோட்டார் அவளுக்குப் போதவில்லை. போதும் என்று நான் எப்படி நினைத்தேன்?

ஏப்ரல் 9

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே போகுமுன் உதவியாளர், "கதவச் சாத்துவாங்களா மேடம்?" என்று கேட்டாள். நான் போய் விசாரித்துவிட்டு வந்தேன். சாத்தவில்லை. அவள் குரல் கேட்கும், ஆனால் வார்த்தை புரியாத தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் போன் செய்தார். "அந்தப் பொண்ணு எங்க மேடம்? என்ன லீவு?"

எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைக்கிறவள் நான்.

"பல்வலி சார். ரொம்ப நாள் இழுக்கும் போலிருக்கு. வாரம் ஒரு தடவ டாக்டரப் பாக்கணும்."

"ஐயையோ, பல்வலியா? பாவம், தாராளமா போகட்டும். அதுக்கெல்லாம் போய் வேணாம்னு சொல்வேனா?"