ஒன்றரை வேகத்தில் அம்மா

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கழக்கூட்டம் ஜங்ஷனில் பஸ் நகரவே இல்லை. லேபுக்கு இருபது நிமிடம் தாமதம்.

சைக்காலஜி மூன்றாம் வருடத்தில் ஆய்வு வேலைக்கு எடுத்தது இரண்டே பேரை, என்னையும் அபினையும். இதுவரை செய்தது: சம்மதப் படிவம் நகலெடுத்தது, ஹெட்ஃபோன் துடைத்தது. இன்றுதான் நிஜமான வேலை. பிஎச்.டி. செய்யும் அஞ்சுவின் ஆய்வு; எங்களுக்கு அஞ்சு சேச்சி, அதாவது அக்கா. இரைச்சலுக்கு நடுவே, பழகிய குரலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம்? வெளியாட்களை அழைக்கும் முன் எங்களை வைத்து ஒத்திகை. ஆளுக்குப் பத்து வாக்கியம், அம்மா குரலில். அபின் மலையாளம், நான் தமிழ்.

அபினின் அம்மா நெய்யாற்றின்கரையில். நாளைக்கே கிடைத்துவிடும். என் அம்மா குவைத்தில், வீட்டு வேலை. போய்ப் பத்து வருடம். வந்தது மூன்று தடவை.

வாக்கியங்களை மெசேஜில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

அம்மா அனுப்பிவிட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தாளாம். அந்த வீட்டில் அங்கேதான் சத்தம் இல்லையாம். போனக்காடு தேயிலை எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் அவள். எழுத்துக்கூட்டி வாசித்திருப்பாள்.

சோதனைக்கு முன் நான் கேட்கக் கூடாது. திறக்காமல் அபினுக்கு அனுப்பினேன். கை துறுதுறுத்தது. அவன்தான் வெட்டி ஒழுங்குபடுத்தினான். கடைசியில் "சரியா மோளே?" என்று, மகளே என்பதை மலையாளத்தில் சொல்லிக் கேட்டிருந்தாளாம், அதை நீக்கிவிட்டானாம். அழிக்காதே, எனக்கு வேண்டும் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். தலைவலி.

முதலில் அபின். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிரித்துக்கொண்டே வந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். அவன் அம்மா வைத்த மீன் குழம்பு.

பிறகு நான். சின்ன அறை, ஹெட்ஃபோன், ஆறு பெண் குரல்கள், எல்லாருக்கும் ஒரே வாக்கியங்கள். அம்மா என்றால் இடது பொத்தான், இல்லையென்றால் வலது. எளிதாக இருந்தது. ஒரு குரல் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தயங்காமல் இடது.

வெளியே வந்தால் அஞ்சு சேச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மா என்று அழுத்தியது நான்காம் குரலை. லேபில் பதிவு செய்த யாரோ ஒரு பெண். அம்மாவின் குரல் வந்தபோதெல்லாம் 'இல்லை' என்று அழுத்தியிருக்கிறேன்.

"சாரமில்ல, பரவாயில்ல, ஒத்திகைதானே," என்றார் சேச்சி. பிறகு, அம்மா குரலை வழக்கமாக எப்படிக் கேட்பாய் என்று விசாரித்தார். வாய்ஸ் மெசேஜ்தான். அம்மா நீளமாகப் பேசுவாள், பஸ்ஸில் ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா அனுப்பியதைச் சாதாரண வேகத்தில் கேட்டேன். கரகரப்பு. வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிறாள். ஏழாவதில் இருமல், அடக்கிக்கொண்டு தொடர்கிறாள். தரை துடைக்கும் மருந்து நெடியா? எத்தனை வருடமாக இப்படி?

படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார் சேச்சி: 'குரல் செய்திகளை எந்த வேகத்தில் கேட்பீர்கள்?' நானே டைப் செய்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அம்மாவுக்கு லீவு நாள். மெசேஜ் இல்லை, நேரே அழைத்தேன். முதலில் இருமலைக் கேட்டேன். டாக்டரிடம் போகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு சோதனையில் நடந்ததைச் சொன்னேன். ஒளிக்கவில்லை.

"நீ அம்மான்னு அமுக்குனது யாரை?"

"பேரு சொல்லக் கூடாதும்மா. லேப் ரூல்."

"வயசாவது சொல்லு."

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"பின்னே சரிதான் மோளே. உன்னை விட்டுட்டு நான் பிளேன் ஏறும்போ எனக்கு முப்பத்தினாலு."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.