வியாழக்கிழமைக் கயிறு

லமாரின் அப்பாவுக்கு,

இங்கே கராக்கில் குளிர் இறங்கிவிட்டது. ஜித்தாவில் உங்களுக்கு இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் சொன்னபடி, நம் லமார் விட்டுப்போன உடுப்புகளைப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டேன். ஸ்கிப்பிங் கயிற்றை மட்டும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவளோடு படித்தவர்கள்தானே.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறு வாய்ப்பாடு, செவ்வாய் சொல்வதெழுதுதல், வியாழன் கடைசிப் பீரியட் விளையாட்டு என்று வாரம் அதன்பாட்டுக்கு ஓடுகிறது.

போன வியாழன் முற்றத்தில் தாலாவும் சீலாவும் கயிற்றைச் சுற்றினார்கள். நடுவில் யாருமில்லை. மற்றவர்கள் கைதட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி குதிக்கிறது?" என்றேன்.

"லமார் முறை, மிஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் தாலா.

அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் காலில் மாட்டினாற்போல் கயிறு சட்டென்று நின்றது.

"அவுட்டு. எப்பவும் இடது கால்லதான் மாட்டிக்குவா," என்று சிரித்தாள் சீலா. அவுட்டானவர் அடுத்து கயிறு சுற்ற வேண்டுமாம்.

தலைமையாசிரியை என்னை விடுப்பில் போகச் சொல்கிறார். உங்கள் தங்கை எனக்கு ஜித்தாவுக்கு டிக்கெட் போடுவதாகச் சொல்கிறாள். வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வியாழன்களில் நான் இங்கே இருக்க வேண்டும்.

இன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, முற்றத்தில் கிடந்த கயிற்றைச் சுருட்டலாமென்று ஒரு முனையை எடுத்தேன். கொடிக்கம்பத்தடியில் கிடந்த மறுமுனை மெல்ல எழுந்தது. லமாரின் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. பிறகு சுற்றத் தொடங்கியது.

கை கடுக்கும்வரை நானும் சுற்றினேன். நடுவில் குதிக்கத்தான் ஆள் இல்லை. நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

அவளுடைய அம்மா