துடக்குக்குள்ளை திருத்தின பொயிலர்

உ

முரசுமோட்டை,
கிளிநொச்சி.
06.02.2026

என்ரை அன்பு மகள் கௌசலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கை நானும் அப்பாவும் சுகம், முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதை. அங்கை நீயும் மேனுகாவும் சின்னவன் தர்ஷனும் சுகமாய், எல்லாத்துக்கும் மேலாலை சூடாய், இருக்க வேணும் எண்டு பிள்ளையாரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் பேனையை எடுத்தனான். மருமகன் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறுறார், அவரிட்டைக் குடுத்துவிடத்தான் இதை எழுதிறன். போன் இருக்கக் கடிதம் என்னத்துக்கு எண்டு கொப்பா சிரிக்கிறார். போனிலை எண்டால் எனக்கு வாய் முந்திப் போகும், மூளை பின்னாலைதான் வரும், அது உனக்கு எப்பவோ தெரியும், இப்ப மருமகன்ரை ஊர்த் துணுக்காய்ச் சனத்துக்கும் தெரியும். எழுதினால் பிழையை வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதலாம், அதுதான்.

வயல் வெட்டுக்கு நிக்குது. இந்த முறை இரணைமடுக் குளத்திலை தண்ணிக்குக் குறைவில்லை, மயில்தான் கரைச்சல். கொப்பா விடிய எழும்பி வரம்பிலை நிண்டு தகரம் தட்டுறார், மயில் எல்லாம் மேளக்கச்சேரி கேட்க வந்த ஆக்கள் மாதிரிக் கிட்டக் கிட்ட வருகுது. வெட்டு மிசின்காரன் செவ்வாய்க்கிழமை வாறன் எண்டிருக்கிறான், அவன்ரை செவ்வாய் எந்தச் செவ்வாயோ தெரியாது. உன்ரை மாமாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி புதன்கிழமை நல்லபடியாய் முடிஞ்சுது. கீரிமலைக்குப் போய் வந்து, வீட்டிலையும் எல்லாம் செய்து, மருமகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கடமையிலை ஒரு குறையும் வைக்கேல்லை. மாமாவின்ரை படமும் வரலாறும் போட்ட கல்வெட்டுப் புத்தகமும் வடிவாய் வந்திருக்கு, பேரப்பிள்ளையளின்ரை பேரும் போட்டிருக்கு, உனக்கு ஒண்டு வைச்சு விடுறன். ஒரு மாசமாய்ப் பனிக்குள்ளை ரெண்டு பிள்ளையளோடை தனிய நிண்டு சமாளிச்சனி, அதுக்கே உன்னை ஒரு வார்த்தை மெச்சியிருக்க வேணும். நான் மெச்சேல்லை, பேசினனான். அந்தக் கதையைத்தான் இப்ப எழுத வந்தனான்.

முதலிலை என்ரை பிழையைச் சொல்லுறன். நீங்கள் இங்கிலாந்திலை, கொவன்ரியிலை வீடு வாங்கின நேரம் வீடியோவிலை ஒவ்வொரு அறையாய்க் காட்டிக்கொண்டு போனனி, நான் சாமிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தனான். மாடிப்படிக்குப் பக்கத்திலை ஒரு அலுமாரி, கதவும் தட்டும் இருக்கு, ஈரமில்லை, சூடாயும் இருக்கு எண்டு சொன்னாய். அம்மா மேலை பொயிலர் இருக்கு, வீட்டுக்குச் சூடும் குளிக்கச் சுடுதண்ணியும் அதாலைதான் வாறது எண்டும் சொன்னனி. நான் கேட்டனானே? இருந்தால் என்ன, அக்கினிதானே, சாமிக்கு மேலை நெருப்பு எரிஞ்சால் நல்லதுதான் எண்டு பெரிய சாஸ்திரம் தெரிஞ்ச ஆள் மாதிரிச் சொல்லி, சிவத்தப் பட்டிலை திரைச்சீலையும் தைச்சு ஆளிட்டைக் குடுத்து விட்டனான். நல்லகாலம் நீ எண்ணெய் விளக்கு வைக்காமல் கரண்டு விளக்கோடை நிண்டாய். காஸ் எரியிற பெட்டிக்குக் கீழை சீலையும் தட்டும் படங்களுமாய் அடைச்சு வைக்கச் சொன்னது நான்தான். மாமா செத்தவுடனை, மருமகனுக்குச் செத்தவீட்டுத் துடக்கெண்டால் உனக்கும் பிள்ளையளுக்கும் துடக்குத்தான், முப்பத்தொரு நாளைக்குச் சாமி அலுமாரியைத் திறந்திடாதை எண்டு போனிலை சொன்னதும் நான்தான். உள்ளுக்கு வைக்கச் சொன்னதும் நான், பூட்டச் சொன்னதும் நான், பேச்சு வாங்கினது மட்டும் நீ.

பொங்கலுக்கு அடுத்த நாள் உன்ரை பொயிலர் நிண்டுபோனதும், றேடியேற்றர் எல்லாம் பச்சைத் தண்ணியாய்க் கிடந்ததும், வெளியாலை பனி கொட்டினதும், சின்னவனுக்கு மூச்சு முட்டு இழுக்கத் துவங்கினதும் அப்ப எங்களுக்கு ஒண்டும் தெரியாது. திருத்த வந்த வெள்ளைக்காரன் அலுமாரியைத் திறந்து பார்த்திட்டு, கீழை கிடக்கிறது எல்லாத்தையும் எடுத்தால்தான் கை வைப்பன், இல்லாட்டித் திங்கட்கிழமை வாறன் எண்டு சொல்லியிருக்கிறான். நீ மருமகனுக்கு எடுத்திருக்கிறாய், அவர் போனை வீட்டிலை விட்டிட்டுக் கல்வெட்டு அடிக்கக் குடுக்கப் போயிட்டார். எனக்கு எடுத்திருக்கிறாய், என்ரை போன் கொப்பாவோடை வயலிலை சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. கேட்க ஒருத்தரும் இல்லை. சின்னவன் இழுக்கிறான். நீயே முடிவெடுத்துச் சாமியளை வெளியிலை எடுத்தாய்.

அடுத்த நாள் நாங்கள் துணுக்காயிலை செத்தவீட்டு முற்றத்திலை இருக்கேக்கை நீ மருமகனுக்கு எடுத்தனி. அவர் போனைச் சத்தமாய்ப் போட்டிட்டார், பொயிலர் சரி வந்திட்டுது, சாமிப் படங்களைச் சின்னவன்ரை புத்தகத் தட்டிலை வைச்சிருக்கிறன் எண்டு நீ சொன்னது முற்றத்துக்கே கேட்டது. மாமாவின்ரை தங்கச்சி கமலாசனி இருக்கிறாவே, அவாவின்ரை வாய்க்கு ஆர் பூட்டுப் போடுறது, துடக்குக்குள்ளை சாமியிலை கை வைச்சவளோ, தாய் வளர்த்த வளர்ப்பு அப்பிடி எண்டா. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது பிள்ளை. உன்ரை பக்கம் நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் மருமகன்ரை கையிலை இருந்து போனைப் பறிச்சு, உனக்கென்ன விசரோ, மூண்டு நாள் போர்வையைப் போர்த்துக்கொண்டு இருந்திருக்கேலாதோ, என்னைச் சபையிலை தலைகுனிய வைச்சிட்டியே எண்டு கத்தினனான். சரி அம்மா எண்டாய், வைச்சிட்டாய். அந்தச் சரி அம்மா இருவது நாளாய் என்ரை காதுக்குள்ளையே கிடக்குது. அதுக்குப் பிறகு நீ எடுத்தால் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்பாய், மேனுகாவிட்டைப் போனைக் குடுத்திடுவாய்.

கொப்பா அண்டைக்கே என்னோடை சண்டை. அவருக்கு உன்ரை பொயிலர்க் கதையை மருமகன் முழுக்கச் சொல்லிப்போட்டார். வந்தவன் பழைய பெட்டி, முழுக்க மாத்த வேணும் எண்டானாம், நீ விடேல்லையாம், பழுதான சாமானைக் கழட்டி என்ரை கையிலை தா, பிறகு கதைப்பம் எண்டு நிண்டியாம். அவன் கழட்டிக் காட்டினால் உள்ளுக்குத் தண்ணி ஓட்டுற பம்ப் இறுகிக் கிடந்ததாம், இதை மட்டும் மாத்தினால் ஓடாதோ எண்டு நீ கேட்க, அவன் தலையைச் சொறிஞ்சுபோட்டு வானிலை இருந்து புதுசு ஒண்டு எடுத்துக்கொண்டு வந்து பூட்டினானாம். கொப்பா தண்ணிப் பம்ப் திருத்திற கடையளிலை நாற்பது வருசமாய் இதைத்தான் கேட்டு எல்லாரிட்டையும் பேச்சு வாங்கினது. இப்ப பரந்தன் சந்தியிலை ஆரைக் கண்டாலும், என்ரை மகள் வெள்ளைக்காரனிட்டையும் பழுதான சாமானைக் கையிலை வாங்கினவள் எண்டு சொல்லுறார். தேத்தண்ணிக் கடைக்காரன் இதை நாலு தரம் கேட்டிட்டான், பாவம்.

நான் மட்டும் முறுக்கிக்கொண்டுதான் திரிஞ்சனான். திருத்தினது கெட்டித்தனம்தான், ஆனால் துடக்கோடை சாமியைத் தொட்டது தொட்டதுதானே எண்டு மனசுக்குள்ளை ஒரு முள்ளு. புதன்கிழமை அந்தியேட்டிச் சாப்பாடு முடிஞ்சு சனமெல்லாம் வெத்திலை போட்டுக்கொண்டு இருக்கேக்கை மேனுகா தகப்பனுக்கு வீடியோ எடுத்தாள். உன்ரை மாமி இராசமலர் அக்கா பேத்தியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனை வாங்கி, துடக்கும் கழிஞ்சுது, கொம்மா சாமிக்கு விளக்கு வைச்சிட்டாவோ எண்டு கேட்டா. பிள்ளை இல்லையெண்டாள். அம்மா சாமிக்குக் கிட்டவே போறேல்லை, அண்டைக்குத் தொட்டதுக்கு அம்மம்மா பேசினவா, இனித் தொட மாட்டன் எண்டு சொன்னவா எண்டாள். எனக்குக் கதிரையிலை இருக்கேலாமல் போச்சு. பிறகு அவள் தன்ரை பாட்டிலை எல்லாத்தையும் கொட்டினாள். அம்மா அண்டைக்குப் பச்சைத் தண்ணியிலை தலை தோய்ஞ்சவா, சுடுதண்ணி வரேல்லை, கேத்தலிலை கொதிக்க வைப்பம் எண்டு நான் சொன்னனான், வந்த ஆள் நிக்கிறார் நேரமில்லை எண்டு போட்டா, வெளியிலை வரேக்கை பல்லு அடிச்சுது, சொண்டு நீலமாய்க் கிடந்தது, நான்தான் துவாயாலை துடைச்சனான். வந்த ஆளைக் குசினியிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்து, சப்பாத்தைக் கழட்டச் சொல்லி, பிறகு ஒவ்வொரு சாமியாய் நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு போய் வைச்சவா, ஒண்டையும் நிலத்திலை வைக்கேல்லை எண்டாள்.

ஐயோ பிள்ளை. தலை தோய்ஞ்சால் துடக்குப் போறதில்லை எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சும், பனி கொட்டக் கொட்ட, உன்னாலை செய்யக்கூடினது அது ஒண்டுதான் எண்டு பச்சைத் தண்ணியை அள்ளித் தலையிலை ஊத்தியிருக்கிறாய். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன? நான் கத்தேக்கை வாயைத் திறந்து, அம்மா நான் தோய்ஞ்சுதான் எடுத்தனான் எண்டு சொல்லியிருக்கப்படாதோ? அந்த வீம்பு என்ரை வீம்புதான், வேறை எங்கை இருந்து வந்தது.

மேனுகா சொன்னது முற்றத்திலை இருந்த சனம் எல்லாத்துக்கும் கேட்டது. கமலாசனி, தோய்ஞ்சாலும் துடக்குத் துடக்குத்தானே எண்டு இழுத்தா. இராசமலர் அக்கா ஒரு மாசமாய் ஆரோடையும் ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்காத மனுசி, நிமிர்ந்து பார்த்தா. இது என்ரை மனுசனுக்குக் காத்த துடக்கு, அந்த மனுசன் சாகிற கிழமையும் காலமை எழும்பினால் சின்னவனுக்கு முட்டு எப்பிடியெண்டுதான் முதல் கேட்கும், அது இருந்திருந்தால் அலுமாரியைக் கதவோடை கழட்டி எறிஞ்சிருக்கும், என்ரை மருமகள் தோய்ஞ்சு மரியாதையாய் எடுத்து வைச்சிருக்கிறாள், இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் அவளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது எண்டா. சொல்லிப்போட்டுத்தான் அழுதா, செத்த நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவா வாய்விட்டு அழுதது எண்டு மருமகன் சொன்னார். நானும் எழும்பினனான். உன்னைப் பேசினது எல்லாருக்கும் முன்னாலை, அதாலை பிழை என்ரை எண்டு சொன்னதும் எல்லாருக்கும் முன்னாலைதான். சாமியைப் பொயிலருக்குக் கீழை வைக்கச் சொன்ன விசரி நான்தான், தாய் வளர்த்த வளர்ப்பு எண்டு சொன்னீங்கள், ஓம், நான் வளர்த்த வளர்ப்புத்தான் எண்டு கமலாசனியைப் பார்த்தே சொன்னனான். கொப்பா எனக்குப் பின்னாலை நிண்டு கை தட்டப் பார்த்தார், அந்தியேட்டி வீடெண்டு ஞாபகம் வந்து கையை இறக்கிப்போட்டார்.

நேற்றுக் காலமை கிணத்தடிக்குப் போனனான். தை மாசி எண்டால் எங்கட கிணத்துத் தண்ணியும் கொஞ்சம் விறைக்கும்தானே. முதல் வாளியைத் தலையிலை ஊத்தினதும் எனக்கு உன்ரை ஞாபகம்தான் வந்தது. எங்கட தண்ணிக்கே உடம்பு உதறுது, உன்ரை தண்ணி எப்பிடி இருந்திருக்கும். அதிலை குந்தியிருந்து நல்லாய் அழுதிட்டு வந்தனான், கொப்பாவுக்கு முழங்கால் நோ எண்டு சொன்னனான்.

புழுக்கொடியலும் தூளும் மருமகன்ரை பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன், தூளைப் போத்திலிலை போட்டு இறுக்கி மூடு. பொயிலரை இனி வருசா வருசம் ஐப்பசி மாசமே ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, பனி வந்தாப் பிறகு ஓடித் திரியாதை. நச்சுக் காத்து வந்தால் கத்துற சின்னப் பெட்டி ஒண்டு பூட்டச் சொல்லி அந்த ஆள் சொன்னவனாம், பூட்டினியோ? சிவத்தப் பட்டுத் திரையை மேனுகாவுக்குப் பாவாடையாய் வெட்டித் தை. சாமியளைத் திருப்பி அலுமாரிக்குள்ளை கொண்டுபோகாதை, புத்தகத் தட்டிலையே இருக்கட்டும், சின்னவன் படிக்கிறதையும் பார்த்துக்கொள்ளுவினம்.

இராசமலர் அக்கா ஒரு கடதாசிச் சரையிலை திருநீறு தந்திருக்கிறா. துடக்குக் கழிஞ்சு அந்த வீட்டிலை முதல் விளக்கு என்ரை மருமகள்தான் வைக்க வேணும், மகன் இல்லை எண்டு சொல்லிவிட்டவா. அதாலை இதை வாசிச்சு முடிச்சவுடனை எழும்பிப் போய்ச் சாமிக்கு விளக்குப் போடு பிள்ளை. உன்ரை கையைப் போலச் சுத்தமான கை அந்த வீட்டிலை வேறை இல்லை. நீங்கள் நாலு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருசம் நல்லாய் இருக்க வேணும். விளக்கு வைச்சிட்டு எனக்கு எடு, மேனுகாவிட்டைக் குடுக்காமல் நீ கதை. இன்னொரு நாள் இப்பிடி ஏதும் வந்தால் என்னைக் கேட்க வேணும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்காதை. கேட்டால் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், பேசுவன், கத்துவன். அப்பவும் நீ செய்.

உன்னைப் பெத்ததிலை தலை நிமிர்ந்து திரியிற
அம்மா
க. சிவனேஸ்வரி