பனியில் நிற்கும் தம்பிக்காக

ஆமாம்மா, புனேயிலும் ஞாயிறு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஊரப்பாக்கம் வீட்டுப் பழக்கத்தில், "பனியில் காவல் நிற்கும் தம்பி ஜாய்சனைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று வந்துவிட்டது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அவன் பனிச்சரிவில் சிக்கி நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் லீவில் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தபோதும் நீ அதையேதான் சொன்னாய். "ம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சிரித்தானே.

அன்று கூட்டம் முடிந்ததும், "தம்பி எப்ப லீவுக்கு வர்றான்? பொண்ணு பார்க்கட்டுமா?" என்றார் அங்கே வரும் தபீதாள் ஆன்ட்டி.

"கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி" என்றேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அவன் ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்காதே.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, ஆன்ட்டி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கவரை ஒட்டுகிறேன்.

ஜெரூஷா