அவர் நிறுத்திய முள்

மார்கழி, புதன்கிழமை இரவு. மயிலாப்பூர்.

ரகு தன் அப்பாவின் கைக்கடிகாரத்தை என்னிடம் கேட்காமலே பீரோவிலிருந்து எடுத்து, தி. நகர் கடையில் சர்வீஸ் செய்து, இன்று கொண்டு வந்து கொடுத்தான்.

"புதுசாட்டம் ஆயிடுத்து பாரும்மா. இன்னிக்கும் இதே டிசைன்லதான் பண்றா. அவ்ளோ மவுசு இதுக்கு."

கார் பந்தயத்துக்காக அந்தக் காலத்தில் உண்டாக்கிய கடிகாரமாம். இவர் அதில் இட்லி வேகும் நேரம் பார்ப்பார். பொத்தானை அழுத்தினால் நடு முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். "இறக்கிடு ஜானா" என்று கூடத்திலிருந்து குரல் வரும். கடைசி நாளும் முள்ளை நிறுத்தினார், குரல் கொடுத்தார், குளிக்கப் போனார். போனவர் உயிரோடு வெளியே வரவில்லை.

அதன்பின் நான் அதற்குச் சாவி கொடுக்கவே இல்லை. அவர் நிறுத்திய இடத்திலேயே முள் நின்றிருந்தது. கடைக்காரர் அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்துவிட்டார். அவர் வேலை அது. ஆசையாகச் செய்துகொண்டு வந்த பிள்ளையைத்தான் என்ன சொல்வது? "நன்னா இருக்குடா" என்றேன்.

இப்போது பொத்தானை அழுத்தினேன். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். முள் அங்கே வந்தபோது விரலை வைத்தேன். அழுத்த மனம் வரவில்லை. நிறுத்தினால் அது நான் நிறுத்தியதாகத்தானே இருக்கும்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது.