திங்கட்கிழமை விடுமுறை

இல்லை, உன் படத்துக்கு அவர்கள் ஒன்றும் செய்துவிடவில்லை. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் புது மரச்சட்டம் போட்டிருக்கிறார்களாம். என் கோபம் வேறு.

இரண்டு வாரத்துக்கு முன் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அரசு அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் சிறப்பு ஓவியக் கண்காட்சி, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மறுபடியும் புதுச்சேரிக்கு வருகிறது. அட்டையில் நீ வரைந்த படம். கறுப்பு வெள்ளை அச்சில் உன் அம்மாவின் முகம். உள்ளே, மறைந்த ஓவியரைப் பற்றிப் பேசுபவர் என்று என் பெயர். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை.

கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. திங்கட்கிழமை விடுமுறை.

அட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் நீ அதை வரைந்தாய். முத்தியால்பேட்டையில் உங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் ஓவியத் துணியை விரித்து நிறுத்த இடமில்லை. பஞ்சு மில்லில் தனக்கு வரும் வார விடுமுறைகளில் உன் அம்மா வந்து நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்ததும் தூங்கிப்போவார். புருவத்தில் முந்தின நாள் பஞ்சு ஒட்டியிருக்கும். நீ தட்டிவிட மாட்டாய். அதையும் வரைந்தாய்.

"எங்க, காட்டு பாக்கலாம்" என்று அவர் எழுந்து வந்தால் படத்தைத் திருப்பிவிடுவாய். "முடியற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது. மாடலும்தான்."

"பெரிய இவ. என் மூஞ்சிய நான் பாக்கறதுக்கு இவகிட்ட பர்மிசன் வாங்கணுமாம்."

நான் மட்டும் பார்த்தேன், அறை என்னுடையது என்பதால்.

படம் முடிந்த வாரமே தேர்வாகிவிட்டது. வண்ணம் முழுக்கக் காய்வதற்குள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சென்னை, பிறகு வேறு ஊர்கள், கடைசியாக இங்கே. இங்கு வரும்போது அம்மா பார்த்துக்கொள்வார் என்றாய். அந்த வருஷம்தான் மின்வெட்டு. மில்லுக்கு மில் விடுமுறை நாளை மாற்றிப் போட்டார்கள். உன் அம்மாவின் மில்லுக்குத் திங்கட்கிழமை, அது இன்று வரை மாறவில்லை. ஞாயிறு உட்பட மற்ற நாட்களில் வேலை முடிந்து அவர் வெளியே வரும்போது மணி ஐந்து. அருங்காட்சியகமும் அப்போதுதான் கதவைச் சாத்தும்.

"மியூசியத்துக்கும் எங்கம்மாவுக்கும் ஒரே நாள்ல வாரலீவுடி" என்று சிரித்தாய். "ரெண்டு பேரும் எங்க போய் பாத்துக்குவாங்க? பீச்சுலயா?"

சிரிப்பு அன்று சாயங்காலம் வரைதான். ஒரே ஒரு திங்கட்கிழமை ஒரு மணி நேரமாவது திறக்கச் சொல்லி நீ போய்க் கேட்டாய். விதியில் இடமில்லை என்றார்கள். மறு திங்கட்கிழமையே பாரிஸிலிருந்து ஒரு குழு வந்தது. கதவு திறந்தது. நாம் எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். "அவங்க ஊர்ல திங்கக்கெழமயே கிடையாது போல" என்று மட்டும் சொன்னாய். அந்தக் குழு வெளியே வரும்வரை நீ சைக்கிளை நகர்த்தவில்லை.

லீவு போட்டுவிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றும். மில்லில் நிரந்தரமாக்கப்படாத பதிலி ஆள் லீவு போட்டால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். பிறகு கூப்பிட்டனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். உன் அம்மா இன்னும் பதிலிதான். நீ காய்ச்சலில் போனபோது போட்ட லீவுக்கே மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் படத்தை அருங்காட்சியகமே எடுத்துக்கொண்டது. பெருமை என்றார்கள். பெருமைதான். அதன்பின் அது பெட்டியில் இருந்தது, அல்லது வேறு ஊரில் இருந்தது.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். உன் அம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"நான்தானா இது? தூங்கறாப்ல இருக்குது."

"தூங்கினீங்க இல்ல."

"அவ ஏன் எழுப்பல?" பிறகு அட்டையில் தெரிந்த தோளை விரலால் தடவினார். "சேலை என்னா கலரு? இதுல தெரியல."

வாய் வரை வந்துவிட்டது. கிளிப்பச்சை. அவர் மில்லுக்குக் கட்டும் சாயம் போன சேலையைப் பார்த்துக்கொண்டே நீ கலந்த பச்சை. அவரிடம் இருந்திராத சேலை.

"நேர்ல பாருங்க" என்றேன்.

அருங்காட்சியக அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். புதியவர், படித்தவர், டீ வரவழைத்தார். ஒரு திங்கட்கிழமை திறக்க முடியுமா என்றேன்.

"ஒரு ஆளுக்காக எப்படி மேடம் ரூல மாத்தறது?"

"அந்த ஒரு ஆளுதான் சார் உங்க அட்டையில இருக்காங்க."

"அப்படியா? மாடல் உயிரோட இருக்காங்களா? பிரமாதம். திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க, மேடையில உக்கார வச்சுடலாம். போட்டோவும் எடுக்கலாம்."

விழா புதன்கிழமை காலை. அவருக்கு வேலை இருக்கும் என்றேன்.

"ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்க மேடம். உழைப்பாளர் பத்தின கண்காட்சி இது. அவங்க இல்லாம எப்படி?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அந்த முகத்தை மாட்டிவைக்கச் சுவர் இருக்கிறது. அந்த முகம் வந்து நிற்க ஒரு நாள் இல்லை. இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. டீயும் வருகிறது.

திங்கட்கிழமை திறக்காவிட்டால் நான் பேச மாட்டேன் என்றேன்.

"உங்க இஷ்டம். வேற யாரையாவது பாத்துக்கறோம்."

உன்னைப் பற்றிப் பேச வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். உன்னைப் பார்த்திராத ஒருவர். நன்றாகப் பேசினாராம். நான் போகவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது படம் வரையும் கையல்ல. இந்தக் கோபம். அப்புறம் அந்தப் பச்சை. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் உன் அம்மாவை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துவைத்து மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டியிருந்தார். கேட்டைத் தட்டினேன். வாட்ச்மேன் வந்தார்.

"மதாம், இன்னிக்கி லீவு."

"எங்களுக்கும் லீவுதாங்க" என்றார் உன் அம்மா. "அதான் வந்தோம்."

வாட்ச்மேன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அதிகாரிக்குப் போன் செய்கிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முடியாது என்று தலையை ஆட்டினார். நாங்கள் கேட்டருகே உட்கார்ந்தோம்.

"கலர மட்டுமாவது சொல்லிடேன்" என்றார் உன் அம்மா.

"மாட்டேன்."

"நீயும் அவள மாரியேதான்."

ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கண்காட்சி முடிய இன்னும் ஒரு திங்கட்கிழமை இருக்கிறது. அன்றைக்கும் வருவதாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.